இரண்டாவது தட்டு எங்கே?

"காந்தத்து மேல வச்சு எடுத்தா விதை சீக்கிரம் முளைக்குமாமே, உண்மையாம்மா?"

பீடோங் பக்கமிருந்து ஓர் அக்கா நிகழ்ச்சிக்கு அழைத்துக் கேட்ட கேள்வி இது. அவருடைய மகன் கைத்தொலைபேசியில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார். விதையை வைத்து எடுக்க ஒரு காந்தத் தட்டு, நாற்றுக்கு மேலே தொங்கவிட ஓர் ஊதா விளக்கு, இரண்டும் சேர்த்து நூறு வெள்ளிக்கு மேல். அக்காவிடம் ஏற்கெனவே ஒரு மிலோ டின் நிறைய விதை இருக்கிறது. பாகல், அவரை, வெண்டி எல்லாம் தோட்டத்து லயத்தில் அவருடைய அம்மா போட்டு, காய வைத்து, எடுத்து, மறுபடி போட்டு வந்த வகைகள். தாமான் வீட்டுக்கு வந்த பிறகு நான்கைந்து வருடமாக மண்ணில் போடவில்லை. இப்போது போட்டால் பாதிகூட முளைப்பதில்லை. "அந்தத் தட்டை வாங்கினா இது சரியாயிடுமா?" என்பதுதான் அவருடைய உண்மையான கவலை.

இரண்டு பாட்டுக்கு நடுவே சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை இது. அதனால் இந்த வாரம் இந்தப் பக்கத்திற்குக் கொண்டு வந்துவிட்டேன். கெடாவில் தோட்டத்தை விட்டு சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் தாமான்களுக்கும் பிளாட்டுகளுக்கும் வந்த குடும்பங்களில் இப்படி ஒரு டின் இல்லாத வீடு குறைவு. அந்த டின்னைத் திறக்கும் எல்லாருக்கும் இந்தப் பதில் பயன்படும்.

முதலில் விளம்பரத்துக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். காந்தம் விதையை ஏதோ செய்கிறது என்பது வெறும் கட்டுக்கதை இல்லை. கனடாவில் பிட்மன் என்ற விஞ்ஞானி காந்தமும் தானிய விதைகளின் முளைப்பும் பற்றி 1963இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் புதுடில்லியில் இருக்கிறது. அங்குள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் அனந்தா வசிஷ்ட், சாந்தா நாகராஜன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் கொண்டைக்கடலை விதையைக் காந்தப் புலத்தில் வைத்துப் பார்த்தார்கள். 50 மில்லிடெஸ்லாவில் தொடங்கி 250 மில்லிடெஸ்லா வரை, ஒரு மணி நேரம் முதல் நான்கு மணி நேரம் வரை, ஒவ்வொரு அளவாக மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வில், காந்தம் படாத விதையைவிடக் காந்தம் பட்ட விதை வேகமாக முளைத்தது. நாற்றும் நீளமாக, எடை கூடுதலாக இருந்தது. 50 மில்லிடெஸ்லாவில் இரண்டு மணி நேரம், 100இல் ஒரு மணி நேரம், 150இல் இரண்டு மணி நேரம், இந்த மூன்றும்தான் நல்ல பலன் தந்தவை.

மில்லிடெஸ்லா என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். நாம் நிற்கும் இந்தப் பூமிக்கே ஒரு காந்தப் புலம் உண்டு. திசைகாட்டியின் ஊசி அதைப் பார்த்துத்தான் திரும்புகிறது. மலேசியாவில் அதன் பலம் சுமார் 0.04 மில்லிடெஸ்லா. குளிர்சாதனப் பெட்டியில் மின்சார பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் சின்னக் காந்தம் சுமார் 5 மில்லிடெஸ்லா. ஆய்வில் பயன்படுத்திய 100 மில்லிடெஸ்லா, பூமியின் புலத்தைப்போல் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். அதையும் மின்காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே விதையை வைத்து, எல்லா விதைக்கும் ஒரே அளவு படும்படி கருவியால் அளந்து கொடுத்தார்கள். காந்தத்தின் பலம் தூரம் போகப் போக மளமளவெனக் குறையும். தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் விதைக்கு ஓர் அளவு, அதற்கு மேலே குவிந்திருக்கும் விதைக்கு வேறோர் அளவு. விளம்பரத்தில் வரும் தட்டு எத்தனை மில்லிடெஸ்லா, எவ்வளவு நேரம் வைக்க வேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன். மகனைக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் போடலம்மா" என்றார். மருந்துப் புட்டியில் எத்தனை கரண்டி என்று எழுதாமல் விற்பது போலத்தான் இது.

காய்கறியில் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். கியூபாவில் தக்காளி விதையை 100 மில்லிடெஸ்லாவில் 10 நிமிடம், 170இல் 3 நிமிடம் என்று வைத்து எடுத்து நட்டார்கள். 2006இல் வெளியான அந்த ஆய்வில் நாற்று செழிப்பாக வந்தது, விளைச்சலும் கூடியது, வைரஸ் நோயின் முதல் அறிகுறிகூட சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது. கொண்டைக்கடலைக்கு மணிக்கணக்கு, தக்காளிக்கு நிமிடக்கணக்கு என்பதைக் கவனியுங்கள். கியூபாவில் பயன்படுத்தியது மின்சாரத்தோடு ஏறி இறங்கும் புலம், டில்லியில் பயன்படுத்தியது நிலையான புலம். பயிருக்குப் பயிர், கருவிக்குக் கருவி அளவு மாறுகிறது. எல்லா விதைக்கும் பொருந்தும் ஒரே அளவு இதுவரை இல்லை. "எந்தக் காய்கறி விதைக்கும் ஏற்றது" என்று ஒரு பெட்டியில் எழுதியிருந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம்.

காந்தம் விதைக்குள் போய் என்னதான் செய்கிறது? காய்ந்த விதை தூங்குகிற விதை. தண்ணீர் பட்டதும் அது விழித்து, தனக்குள் கட்டிவைத்திருக்கும் மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைத்து முளைக்குச் சாப்பாடாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவை நொதிகள். சூரியகாந்தி விதையில் அதே டில்லி விஞ்ஞானிகள் பார்த்தபோது, காந்தம் பட்ட விதையில் இந்த நொதிகள் சுறுசுறுப்பாக இருந்தன. கொண்டைக்கடலையில், ஊற வைத்த தண்ணீருக்குள் விதையிலிருந்து கசிந்து வெளியேறும் சத்து குறைவாக இருந்தது. அதாவது உயிரணுக்களின் சவ்வு கட்டாக இருந்தது. ஆனால் காந்தம் அந்த நொதிகளை எப்படித் தூண்டுகிறது என்ற கேள்விக்கு விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த பதில் இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஆய்வுகளில் போட்டது எல்லாம் உயிருள்ள விதை. அது கொஞ்சம் முந்தி எழுந்தது, கொஞ்சம் திடமாக நின்றது. செத்துப்போன விதையைக் காந்தம் எழுப்பியதாக அவற்றில் எதுவும் சொல்லவில்லை. மிலோ டின்னில் முளைக்காத அந்தப் பாதி செத்திருந்தால், எந்தத் தட்டும் அதை மீட்டுத் தராது.

விதைக்கு ஆயுள் உண்டு என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்மரத்துக் காய் வெயிலில் 'டப்' என்று வெடித்து விதை தெறித்து விழும். பொறுக்கிய விதையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் கையில் சுட வைத்து விளையாடாத தோட்டத்துப் பிள்ளை யார்? அந்த விதையை நாற்றங்காலுக்கு எடுத்தால் உடனே போட வேண்டும். சில வாரம் கிடந்தாலே வீணாகிவிடும். அதைக் காய வைத்துப் பாதுகாக்கவும் முடியாது, காய்ந்தாலே செத்துவிடும் ஜாதி அது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். நூற்றுக்கு நான்குகூட முளைக்கவில்லை. முளைத்த அந்தச் சொற்பத்திலிருந்து வந்த 22 நாற்றுகள்தான் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. நம் தாத்தா பாட்டியைக் கப்பலேற்றிக் கெடாவுக்குக் கொண்டு வந்த ரப்பர் காடுகளின் கதை அந்த நாற்றுகளிலிருந்துதான் தொடங்குகிறது. விதையின் ஆயுள் இவ்வளவு பெரிய விஷயம்.

பாகல், வெண்டி, அவரை எல்லாம் வேறு ஜாதி. இவை காயக் காய நீண்ட நாள் வாழும். அதைப் பாதுகாக்கும் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்த ஊதா விளக்கு.

புற ஊதாக் கதிர் என்பது நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். அதில் மூன்று வகை. 315 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ளது 'ஏ'. 280 முதல் 315 வரை 'பி'. அதற்கும் கீழே 'சி'. சூரியனிலிருந்து வரும் 'சி' வகையை மேலே உள்ள ஓசோன் படலம் முழுக்கத் தடுத்துவிடுகிறது. தரைக்கு வருவதில் பெரும்பகுதி 'ஏ', சிறு பகுதி 'பி'. கெடா பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால், ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் மதியச் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். மேகமில்லாத மதியத்தில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அதுதான் உச்ச நிலை.

அப்படியானால் நாற்றுக்கு இது நல்லதா கெட்டதா? அளவைப் பொறுத்தது. 'பி' வகைக் கதிர் அதிகமானால் உயிரணுவின் மரபணு இழையையே சிதைக்கும், இலை வெளுக்கும், செடி குன்றும். ஆனால் சிறிதளவு பட்டால் செடி அதைக் கவனித்துத் தன்னைத் தயார்செய்துகொள்கிறது. 'பி' கதிரை உணர்வதற்கென்றே செடிக்குள் ஒரு புரதம் இருப்பதை 2011இல் கண்டுபிடித்தார்கள். யூவிஆர்8 என்று பெயர். அது தகவல் கொடுத்ததும் இலை தனக்குத் தானே 'சன்ஸ்கிரீன்' தயாரிக்கிறது, தண்டு உயரம் பிடிப்பதைக் குறைத்துக்கொள்கிறது. நாற்று குட்டையாக, தடியாக, உறுதியாக வருகிறது.

பிளாட் வீட்டில் நாற்று போடுபவர்களுக்கு இது உடனே புரியும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலோ பிளாஸ்டிக் கூரைக்குக் கீழேயோ வளரும் மிளகாய் நாற்று நூல்போல நீண்டு, வெளிச்சத்தைத் தேடிச் சாய்ந்து நிற்கும். முதல் காரணம் வெளிச்சக் குறைவு. இரண்டாவது, சாதாரண ஜன்னல் கண்ணாடி 'பி' வகைக் கதிரைப் பெரும்பாலும் உள்ளே விடாது. அப்படி வளர்ந்த நாற்றை ஒரு நாள் எடுத்து மதிய வெயிலில் வைத்தால் மறுநாளே இலை வெள்ளைத் திட்டாகக் கருகும். வெயில் என்றால் என்ன என்றே அந்த இலைக்குத் தெரியாது, அது 'சன்ஸ்கிரீன்' தயாரித்திருக்கவில்லை.

லயத்துக் காலத்தில் இதற்கு விளக்கு வாங்கவில்லை. நாற்றுப் பாத்திக்கு மேலே தென்னங்கீற்று போட்டார்கள். முளைத்து இரண்டு இலை வந்ததும் காலையில் கொஞ்ச நேரம் கீற்றை விலக்குவார்கள், மதியம் மூடுவார்கள். ஒவ்வொரு நாளும் விலக்கும் நேரம் கூடும். ஒரு வாரம், பத்து நாளில் கீற்றையே எடுத்துவிடுவார்கள். "நாத்து வெயிலுக்குப் பழகணும்" என்று சொன்ன பாட்டிக்கு யூவிஆர்8 தெரியாது. ஆனால் அதை எப்படி எழுப்ப வேண்டும் என்று தெரிந்திருந்தது.

காந்தமும் புற ஊதாவும் சந்திக்கும் இடமும் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் தேவி அகல்யா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குருபிரசாத், சுனிதா கட்டாரியா குழுவினர் சோயா பயிரில் இதைச் செய்து பார்த்தார்கள். விதையை 200 மில்லிடெஸ்லாவில் ஒரு மணி நேரம் வைத்தார்கள். பிறகு ஒரு பகுதிச் செடிகளைப் புற ஊதாவைத் தடுக்கும் தாளுக்குக் கீழேயும், மற்றொரு பகுதியைச் சூரிய வெயிலின் புற ஊதா முழுவதும் படும்படியும் வளர்த்தார்கள். கதிரைத் தடுத்தால் செடி நன்றாக வளர்ந்தது. அதாவது, அங்கே அடிக்கும் சாதாரண வெயிலே சோயாவுக்கு ஒரு சுமை. காந்தம் பட்ட விதையிலிருந்து வந்த செடி அந்தச் சுமையை ஓரளவு தாங்கி வளர்ந்தது. வெயில் கொளுத்தும் நம் ஊருக்கு இது நல்ல செய்தி. ஆனால் அது சோயாவில், இந்தூர் வெயிலில், அளந்து கொடுத்த காந்தத்தில் கிடைத்த முடிவு. பீடோங் மண்ணில் பாகலுக்கும் அப்படியே நடக்கும் என்று அங்கிருந்து தாவிவிட முடியாது.

விற்கப்படும் ஊதா விளக்கைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. செடிக்கென்று விற்கும் ஊதா விளக்குகளில் பெரும்பாலானவை சிவப்பும் நீலமும் கலந்த எல்இடி விளக்குகள். இரண்டு நிறமும் கலந்து நம் கண்ணுக்கு ஊதாவாகத் தெரிகிறது. அதில் புற ஊதா இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. வெளிச்சம் குறைந்த வீட்டில் அது நாற்றுக்கு உதவும்தான், ஆனால் 'யூவி விளக்கு' என்ற பெயருக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். இரண்டாவது எச்சரிக்கை முக்கியமானது. கோவிட் காலத்தில் கிருமி கொல்ல வாங்கிய 'சி' வகை விளக்கு சில வீடுகளில் இன்னும் கிடக்கும். 254 நானோமீட்டர் கதிர் அது. சூரியனிலிருந்து தரைக்கு வராத வகை என்பதால் எந்தச் செடிக்கும் அது பழக்கமில்லை, நம் கண்ணுக்கும் பழக்கமில்லை. சற்று நேரம் பார்த்தாலே கண்ணில் மணலைக் கொட்டியது போல எரியும், தோல் சிவக்கும். ஆய்வுக்கூடத்தில் விதையின் மேலுள்ள கிருமியை நீக்க அதை மூடிய பெட்டிக்குள் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். பிள்ளைகள் ஓடியாடும் வரவேற்பறையில் நாற்றுக்கு மேலே அதைத் தொங்கவிடாதீர்கள். பலமான சின்னக் காந்தங்களும் அப்படித்தான். குழந்தை ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பெரிய ஆபத்தாகிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் அவற்றை நெஞ்சருகே கொண்டு போகக் கூடாது.

"நான் வாங்கி வச்சுப் பாத்தேன், அருமையா முளைச்சிச்சு" என்று புலனத்தில் யாராவது காணொலி அனுப்புவார்கள். காணொலியில் ஒரு தட்டு நிறைய நாற்று பச்சைப்பசேலென்று நிற்கும். அதைப் பார்த்ததும் நான் தேடுவது இரண்டாவது தட்டை. அதே விதை, அதே மண், அதே தண்ணீர், அதே நாள், காந்தம் மட்டும் படாத தட்டு. அது இல்லாவிட்டால் நமக்குத் தெரிவது ஒன்றுதான். நல்ல விதை முளைத்தது. காந்தம் இல்லாமலும் அது முளைத்திருக்கலாம்.

டில்லி, கியூபா, இந்தூர் ஆய்வுகளுக்கு மதிப்பு வந்தது இந்த இரண்டாவது தட்டால்தான். இதை நம் வீட்டிலும் செய்யலாம். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் விழாவுக்கு என்ன செய்வது என்று தலையைச் சொறியும் பிள்ளைகளுக்கு இது அருமையான ஆய்வு. செலவு ஒரு பொட்டலம் பச்சைப்பயறும் ஒரு காந்தமும்.

இருநூறு பயறை எண்ணுங்கள். உடைந்ததையும் சுருங்கியதையும் ஒதுக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நூறு நூறாகப் பிரியுங்கள். ஒரு நூறை மெல்லிய காகித உறையில் ஒரே அடுக்காகப் பரப்பிக் காந்தத்தின் மேல் ஒரு மணி நேரம் வையுங்கள். மற்ற நூறையும் சும்மா விடாதீர்கள். அதையும் அதே மாதிரி உறையில் போட்டு, காந்தம் இல்லாத ஓர் அலுமினியத் துண்டின் மேல் அதே ஒரு மணி நேரம் வையுங்கள். கை பட்டது, சூடு, நேரம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஈர டிஷ்யூ விரித்த இரண்டு தட்டில் பரப்புங்கள்.

அடுத்து ஒரு சின்ன தந்திரம். எது எந்தத் தட்டு என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. அம்மா தட்டுக்கு அடியில் 'அ', 'ஆ' என்று எழுதட்டும், மகள் எண்ணட்டும். நமக்குப் பிடித்த தட்டில் பாதி முளைத்ததையும் முளைத்ததாக எண்ணிவிடுவது மனித இயல்பு. 24 மணி நேரத்தில் எத்தனை, 48 மணி நேரத்தில் எத்தனை என்று குறியுங்கள். மூன்றாம் நாள் ஒவ்வொரு தட்டிலும் கண்ணை மூடி இருபது முளையை எடுத்து வேரின் நீளத்தை அடிக்கோலால் அளந்து சராசரி எடுங்கள். தட்டுகள் இருக்கும் இடத்தையும் தினம் மாற்றி வையுங்கள், ஜன்னல் பக்கத்துத் தட்டுக்குச் சலுகை போய்விடக் கூடாது.

சின்ன வித்தியாசத்துக்குக் கொண்டாட வேண்டாம். இருபது விதையில் ஒன்றில் 14, மற்றொன்றில் 17 முளைத்தால் அது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். நாணயத்தை இருபது முறை சுண்டினால் சரியாகப் பத்து தலை விழுவதில்லையே. அதனால்தான் நூறு வேண்டும் என்றேன். அதையும் மூன்று முறை செய்து, மூன்று முறையும் ஒரே தட்டு தெளிவாக முந்தினால் அப்போது பேசலாம். முந்தவில்லை என்றால் அதுவும் ஒரு முடிவுதான். அதை அப்படியே எழுதி ஒட்டும் பிள்ளைக்கு ஆசிரியர்கள் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

இனி அந்த மிலோ டின். அக்காவுக்கு நான் முதலில் சொன்னது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான். ஒவ்வொரு வகையிலும் இருபது விதை எடுத்து, ஈர டிஷ்யூவில் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வீட்டுக்குள் நிழலில் வைத்தால் வெண்டி ஒரு வாரத்தில் பதில் சொல்லிவிடும். பாகலுக்குத் தோல் கெட்டி, இன்னும் சில நாள் பிடிக்கும். விதையின் கூர்முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டு ஓர் இரவு ஊற வைத்தால் தண்ணீர் உள்ளே போவது சுலபமாகும். வெண்டியையும் ஓர் இரவு ஊற வைக்கலாம். ஊற வைப்பதற்குக் காசு இல்லை. இருபதில் பத்து முளைத்தால், விதை பாதி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். குழிக்கு ஒன்று போடும் இடத்தில் இரண்டு போடுங்கள், வேலை முடிந்தது. ஒரே ஒரு விதை முளைத்தாலும் அந்த ஒன்றைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுங்கள். ஒரு வெண்டிச் செடியில் ஒரு காயை முற்ற விட்டால் அதிலிருந்து டின் மறுபடி நிறையத் தொடங்கிவிடும்.

நிறைந்த டின்னை எப்படிக் காப்பது? விதை ஆய்வாளர் ஹாரிங்டன் சொன்ன ஒரு சுலபமான கணக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிறது. விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அதன் ஆயுள் இரண்டு மடங்கு. வைத்திருக்கும் இடத்தின் சூடு ஐந்தாறு டிகிரி செல்சியஸ் குறைந்தால் இன்னொரு இரண்டு மடங்கு. இதைத் திருப்பிப் படித்தால் நம் டின்னுக்கு என்ன ஆனது என்று புரியும். மூடி சரியாக இறுகாத டின், சமையலறை அலமாரி, அடுப்புச் சூடு, நம் ஊர் ஈரக் காற்று. ஒவ்வொரு மழை மாதமும் விதை ஈரத்தை உறிஞ்சி, ஆயுளைப் பாதி பாதியாக இழந்துகொண்டு வந்திருக்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கெடாவில் மழை குறையும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், பால்மரம் இலை உதிர்க்கும் அந்தக் காலத்தில், விதையை நிழலில் காற்றோட்டமாக நன்றாகக் காய வையுங்கள். ஒரு கைப்பிடி அரிசியை வெறும் சட்டியில் வறுத்து, ஆறவிட்டு, துணியில் முடிந்து, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியின் அடியில் போடுங்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் மேல் விதையைக் காகித உறையில் போட்டு, பெயரும் வருடமும் எழுதி, மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். எடுக்கும்போது புட்டி அறைச் சூட்டுக்கு வரும் வரை திறக்காதீர்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். விதையின் மேல் பூஞ்சை பயம் இருந்தால், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்வது ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி. வீட்டு அளவுக்கு அது ஒரு சிட்டிகை.

காந்தத் தட்டை வாங்குவதா வேண்டாமா என்பது அந்தத் தம்பியின் விருப்பம். காசு இருந்து, ஆர்வம் இருந்து, இரண்டாவது தட்டு வைத்துப் பார்க்கும் பொறுமையும் இருந்தால் வாங்கட்டும். இன்னொரு பத்து வருடத்தில் விதை நிறுவனங்களே பயிருக்குப் பயிர் சரியான அளவைக் கண்டுபிடித்து, காந்தம் காட்டிய விதையைப் பொட்டலத்தில் விற்றாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த ஆராய்ச்சி காத்திருக்கும். டின்னில் இருக்கும் விதை காத்திருக்காது.

கடையில் இரண்டு மூன்று வெள்ளிக்கு வெண்டி விதை கிடைக்கிறது. ஆனால் லயத்துப் பின்கட்டில் ஐம்பது வருடம் கெடா மழையையும் வெயிலையும் பார்த்து, அம்மா கையால் தேர்ந்தெடுத்து எடுத்து வந்த அந்தக் குட்டைப் பாகல் எந்தக் கடையிலும் கிடைக்காது. தோட்டம் செம்பனையாகி, செம்பனை தாமானாகிவிட்ட பிறகு, அந்தப் பின்கட்டிலிருந்து மிச்சம் இருப்பது சில புகைப்படங்களும் இந்த விதையும்தான். புகைப்படத்தைச் சுவரில் மாட்டலாம். விதையை மாட்டி வைக்க முடியாது, போட்டுத்தான் ஆக வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை, வகைக்கு ஒரு சட்டி போதும். வாசலில் இடம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் பாதியைக் கொடுத்து வையுங்கள். உங்கள் வீட்டில் ஒரு வருடம் தவறினாலும் அவர் வீட்டில் அந்த வகை உயிரோடு இருக்கும்.